மூன்றாவது காப்பியில் ஒரு பெண்

மத்தியானம் மூன்று மணி. ஈ, காக்கை இல்லாத சாலை...

ஏன் சிரிக்கிறீர்கள்? பேய்க்கு ராத்திரி டியூட்டி மட்டும்தான் என்று யார் சொன்னது? விளக்கை அணைக்க வேண்டாம், எரியட்டும். இது இருட்டில் நடந்த கதை இல்லை. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். யாராவது அந்தக் கதவை மட்டும் சாத்துங்கள்.

என் நண்பனின் அக்காவுக்கு நடந்தது இது. அக்கா கணவரை அவன் அத்தான் என்பான். எனக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. அத்தான் லிஃப்ட் மெக்கானிக். அன்றைக்கு, இடிக்கப்போகிற ஒரு கட்டடத்தில் லிஃப்டைக் கழற்றிவிட்டு, குறுக்கு வழி என்று அந்தச் சாலையில் வந்திருக்கிறார். இரண்டு பக்கமும் பூட்டிய ஷட்டர்கள். ஒரே ஒரு கடை மட்டும் பாதி திறந்திருந்தது. வீடியோ கேசட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த கடை. உள்ளே ஒருவர் கேசட்டுகளை அள்ளி அள்ளிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். டப்... டப்... டப். மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை.

"வேணும்னா எடுத்துக்குங்க. எல்லாம் குப்பைக்குத்தான் போகுது" என்றார், முகத்தைக்கூடத் திருப்பாமல்.

அத்தானுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. ஏனென்றால் அவர் கேசட் பைத்தியம். சும்மா பைத்தியம் இல்லை, முற்றியது. யாரும் பார்க்காத சண்டைப் படம், யாரும் பார்க்கக் கூடாத பேய்ப் படம், இரண்டும்தான் வேண்டும். அந்தப் படங்களில் வாய் முதலில் அசையும், வசனம் ஆற அமரப் பின்னால் வரும். ரத்தம் சாயத் தண்ணீர் என்று பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். அத்தான் அதைக் கண்கலங்கிப் பார்ப்பார். அலமாரி, கட்டிலுக்கு அடி, சமையலறைப் பரண் எல்லாம் கேசட்தான்.

அக்கா அதற்கு நேர் எதிர். அவருக்குப் பஸ் நிலையத்தில் அறிவிப்பு செய்கிற வேலை. எந்த பஸ் எங்கே நிற்கிறது, எது கிளம்புகிறது என்று மைக்கில் சொல்ல வேண்டும். மைக் இல்லாவிட்டாலும் எட்டு ஊருக்குக் கேட்கும் குரல். "வீட்டுல நான் ஒருத்தி உயிரோட இருக்கேன், செத்தவங்க படத்தையே பாத்துட்டு இருக்கீங்களே" என்று அத்தானைக் கிண்டல் செய்வாராம். அந்தக் குரலில் கிண்டல் செய்தால் பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து சிரிப்பார்கள்.

கடைக்காரரின் சாக்கு மூட்டையில் அத்தானுக்கு ஒரு படம் கிடைத்தது. செத்துப்போன குரு, தன்னைக் கொன்ற சீடர்களை ஒவ்வொருவராகத் தேடி வந்து அடித்துக் கொல்கிற படம். அப்படி ஒரு படமே கிடையாது என்று கேசட் கூட்டாளிகளுக்குள் பந்தயமே நடந்திருக்கிறது. அந்தக் கூட்டாளிகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அரிய படம் யார் கையில் சிக்கினாலும் பூட்டி வைக்கக் கூடாது. உடனே காப்பி போட்டு இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும். வாங்கினவரும் காப்பி போட்டு அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். நாடா என்றைக்கு இருந்தாலும் பூஞ்சை பிடித்துப் போய்விடும். பத்து வீட்டில் இருந்தால் ஒரு வீட்டிலாவது பிழைக்கும் என்று கணக்கு. நல்ல எண்ணம்தான். அந்த நல்ல எண்ணம்தான் குடியைக் கெடுத்தது.

காப்பி போடுவது எப்படி என்று உங்களில் சிலருக்குத் தெரியாது. இரண்டு டெக் வேண்டும், கேசட் ஓட்டுகிற பெட்டி. ஒன்றில் படம் ஓடும், ஒயர் வழியாக இன்னொன்றில் பதியும். படம் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரமும் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். காப்பியில் படம் கொஞ்சம் மங்கும். காப்பிக்குக் காப்பி போட்டால் இன்னும் மங்கும். ஒரே தூளில் இரண்டாவது தடவை போட்ட டீ மாதிரிதான். அதை மட்டும் மறந்துவிடாதீர்கள். காப்பி போடப் போட மங்கத்தான் வேண்டும்.

அத்தான் காப்பி போட உட்கார்ந்தார். பாதிப் படத்தில் அக்கா அறை வாசலில் வந்து நின்றார். குளித்துவிட்டு வந்திருக்கிறார், தோளில் ஈரத் துண்டு. என்னவோ கேட்டார். அத்தான் திரும்பாமலே, பொறு என்று கையைக் காட்டினார். அக்கா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்... அப்புறம் போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது. எந்த வீட்டில் நடக்காத விஷயம், சொல்லுங்கள்.

அந்தக் காப்பியை அத்தான் தன் கூட்டாளி ஒருவருக்குக் கொடுத்தார். பள்ளிக்கூட வாத்தியார், கண்ணாடி தடிமனாக இருப்பதால் எல்லோருக்கும் அவர் சோடாபுட்டி. அவர் அதிலிருந்து ஒரு காப்பி போட்டுக்கொண்டு அத்தானிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, சில நாளில் போன் செய்தார். "அந்த வாசல்ல நிக்கற பொண்ணு யாருய்யா? மயிர்க்கூச்செறியுது எனக்கு."

அத்தான் கடையில் கிடைத்த கேசட்டைப் போட்டுப் பார்த்தார். குருவும் சீடனும் மரக் கூடத்தில் சண்டை போடுகிறார்கள். பின்னால் ஒரு வாசல், காலி. தன் காப்பியைப் போட்டார். அதே சண்டை... வாசலில் புகை மாதிரி ஒரு நிழல். உடனே சோடாபுட்டி வீட்டுக்கு ஓடினார். சோடாபுட்டி அந்தக் காப்பியிலிருந்து ஒரு காப்பி, அதிலிருந்து இன்னொன்று என்று போட்டு வைத்திருந்தார். மூன்றாவது காப்பியில் படம் பாழ். குரு எது, தூண் எது என்று தெரியவில்லை. ஒரே இரைச்சல். ஆனால் வாசலில் நின்ற பெண் மட்டும் கண்ணாடியில் பார்த்த மாதிரி தெளிவாக இருந்தாள். தோளில் துண்டு. நெற்றியில் ஒட்டிய ஈர முடி. அத்தானையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒயர் வழியாகப் படம்தான் போகும். அறையில் கேமரா கிடையாது, மைக் கிடையாது. அத்தான் அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னாராம். சொல்லி என்ன செய்வது...

அந்த வாரமே அக்காவின் வேலையில் புகார் வந்தது. அறிவிப்பு கேட்கவில்லை என்று பயணிகள் சண்டை போட்டார்கள். மைக்கை மாற்றினார்கள். ஸ்பீக்கரை மாற்றினார்கள். அக்கா தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே கிசுகிசு என்றுதான் வந்தது. பக்கத்து வீட்டு அம்மா எதிரே வந்தும் பேசாமல் போனார். கோபமோ என்று அக்கா கையைப் பிடித்தால்... அந்த அம்மா கையை உதறிக்கொண்டு, காற்று சில்லென்று அடிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

அத்தான் இன்னொன்றைக் கவனித்தார். சாப்பிடும்போது அக்கா பேசினால் உதடு முதலில் அசைகிறது. பேச்சு பின்னால் வருகிறது. ஒருநாள் டியூப் லைட்டுக்குக் கீழே அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். பாதத்திலிருந்து ஒரு வெள்ளைக் கோடு மெதுவாக மேலே ஏறி, இடுப்பு, கழுத்து, முகம் என்று போய்... மறைந்தது. கேசட் பார்த்தவர்களுக்கு அந்தக் கோடு தெரியும். தேய்ந்த நாடாவில் வரும்.

அங்கே தெளிவாகத் தெளிவாக, இங்கே மங்கிக்கொண்டிருந்தார் அக்கா.

அத்தான் சோடாபுட்டியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார், இனிமேல் யாரும் காப்பி போடக் கூடாது என்று. சோடாபுட்டிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நல்ல மனிதர். "ஐயோ, நம்ம வழக்கப்படி அஞ்சு பேருக்கு அனுப்பிட்டேனே. அவங்களும் சும்மா இருப்பாங்களா?" என்றார்.

என் நண்பனும் அத்தானும் ராப்பகலாக போன் செய்தார்கள். தயவுசெய்து காப்பி போடாதீர்கள், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வேண்டாம் என்று சொன்னால் வேண்டும் என்று தோன்றுவதுதானே மனித புத்தி? காப்பி போடக் கூடாத படமாம் என்று பேச்சு பரவியது. கேட்டவனெல்லாம் காப்பி கேட்டான். கெஞ்சக் கெஞ்ச அது பெருகியது. படத்தைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை, அந்தப் பெண்ணைப் பற்றித்தான் பேச்சு.

கடைசியில் என் நண்பன் பொறுக்க முடியாமல் ஒரு காரியம் செய்தான். அத்தானிடம் இருந்த காப்பியைக் கொல்லைப்புறம் கொண்டுபோய் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினான். பிளாஸ்டிக் கருகி மூக்கைத் துளைத்தது. உள்ளே பாத்திரம் விழும் சத்தம் கேட்டு ஓடினான். அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் தலைமுடியில் அதே கருகல் வாடை. என் நண்பனை நிமிர்ந்து பார்த்தார். உதடு அசைந்தது... கொஞ்ச நேரம் கழித்துத்தான் குரல் வந்தது.

"நீங்க யாரு?"

கூடப் பிறந்த தம்பியைக் கேட்டார். அதற்குப் பிறகு அவனை அவருக்குத் தெரியவே இல்லை. சின்ன வயதில் இடுப்பில் தூக்கி வளர்த்த அக்கா. இதைச் சொல்லும்போது அவன் அழவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது புரிகிறதா? காப்பி போட்டால் அக்கா மங்குவார். காப்பியை அழித்தால் அக்காவில் ஒரு பங்கு அழியும். போடவும் விடக் கூடாது, அழிக்கவும் கூடாது. அத்தான் பழுது பார்க்காத லிஃப்ட் இல்லை. நடுவில் நின்றுபோன பெட்டிக்குள் மாட்டிக்கொண்டவர்களை எத்தனையோ தடவை வெளியே எடுத்திருக்கிறார். இதற்கு எந்தப் பக்கம் கதவு என்று அவருக்குத் தெரியவில்லை.

பஸ் நிலையத்தில் வேறு ஆள் போட்டார்கள். வீட்டில் அக்காவின் குரல் வருகிற பக்கம் பார்த்துப் பேச அத்தான் பழகிக்கொண்டார். கடைசியாக அக்கா பேசியதை அவர் என் நண்பனிடம் சொல்லியிருக்கிறார். ரொம்ப மெதுவாக, தூரத்து ரேடியோ மாதிரி வந்ததாம்.

"நீங்க கையைக் காட்டினப்பவே நான் போயிருக்கணும். திரும்பிப் பாப்பீங்கன்னு நின்னுட்டேன்."

அதற்கப்புறம் குரல் இல்லை. உருவமும் இல்லை. ஆனால் அக்கா போய்விடவில்லை. காலையில் கட்டிலின் அந்தப் பக்கத்துத் தலையணை குழிந்திருக்கும். கை வைத்தால் சூடாக இருக்கும். ஒரு ஆள் இப்போதுதான் எழுந்துபோன சூடு. என் நண்பனும் கை வைத்துப் பார்த்திருக்கிறான். அக்காவிடம் மிச்சம் இருப்பது அதுதான். அத்தான் கேசட்டைத் தொடுவதே இல்லை. ஒவ்வொரு காலையும் அந்தச் சூட்டுக்காகவே விழித்துக்கொள்கிறார். ஒருநாள் சூடு குறைந்திருக்கும். எங்கோ எவனோ காப்பி போட்டிருக்கிறான் என்று தெரிந்துகொள்கிறார்.

என்ன... ஏதோ கேட்க வந்தாயே? இந்தக் காலத்தில் யார் கேசட் பார்க்கிறார்கள், கம்ப்யூட்டரில் ஏற்றினால் போயிற்று என்கிறாயா?

அதைத்தான் சொல்ல வந்தேன். இந்த வாரம் சோடாபுட்டி அத்தானைக் கூப்பிட்டிருக்கிறார். கூட்டாளியின் கூட்டாளி, முகம் தெரியாத ஒரு பையன், இந்தப் படத்தை இணையத்தில் ஏற்றப் போகிறானாம். அவனுக்குப் பணம் வேண்டாம், பேரும் வேண்டாம். யாரும் இனி இதைத் தேடி அலையக் கூடாது, உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும், எத்தனை பேர் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று நல்ல மனசோடு அறிவித்திருக்கிறான். அவன் பேர் யாருக்கும் தெரியவில்லை. ஊர் தெரியவில்லை. என் நண்பன் எழுதிப் பார்த்தான், பதில் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏற்றுகிறானாம்.

இன்றைக்கு என்ன கிழமை... சனி. அத்தான் இந்நேரம் அந்தத் தலையணை மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, தூங்காமல் உட்கார்ந்திருப்பார்.