சலூன்காரர் தோளுக்கு ஸ்கேன்

...இல்ல, நீங்களே சொல்லுங்க தம்பி, தோளுக்கு எதுக்கு ஸ்கேன்? புள்ளத்தாச்சி வயித்துல வெக்கிற அதே மெஷின்! ரெண்டு பெத்தவ, எனக்குத் தெரியாதா? உள்ள வைத்தியம் பாக்குற பொண்ணு சில்லுன்னு பசையைத் தடவித் தேய்ச்சதும் என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கிட்டு, "என்னம்மா தெரியுது?"ங்கிறார். பொண்ணா பையனான்னா தெரியும்?

ஐயோ, தலையாட்டாதீங்க! கழுத்துல பட்டை போட்டிருக்கீங்கல்ல. சும்மா கேளுங்க, போதும்.

அவர் சலூன்ல முடி வெட்டுறவர். குளிக்கப் போன இடத்துல வழுக்கி விழுந்து, தோள்ல ஜவ்வு கிழிஞ்சு, ஆபரேஷன் ஆச்சு. கையைத் தூக்காம எப்படி முடி வெட்டுறது? வர்றவன் தரையில படுத்துக்குவானா? முதலாளி வேற, "சீக்கிரம் வரலைன்னா உன் நாற்காலியில வேற ஆளைப் போட்டுடுவேன்"னுட்டார். அந்த நாற்காலிய விட்டா எங்களுக்கு என்ன இருக்கு?

அதுக்குத்தான் இங்க வர்றோம். இந்த பிசியோதெரபி பொண்ணு ஒரு ரப்பர் பட்டையைக் குடுத்து, கதவுப் பிடியில கட்டி தினம் இழுக்கச் சொன்னுச்சு. இவர் என்ன பண்ணார் தெரியுமா? "நீ ஒரு தடவ இழுத்துக் காட்டு, எனக்குப் புரியல." காட்டினேன். "முழங்கை விலகுது பாரு, இன்னொரு தடவ." சாஞ்சு உக்காந்துக்கிட்டு எனக்கு வாத்தியார் வேலை! அவர் டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்கு வேர்த்து விறுவிறுத்துடும். "சரி, இன்னைக்கு இது போதும்"னு அவர் எழுந்து போயிடுவார். எனக்குப் போதுமாம்!

இன்னைக்குப் பாத்தா, அந்தத் தோள்ல தசை போன தடவையைவிட மெலிஞ்சு கிடக்குதாம். திரையில கோடு போட்டு அளந்து காட்டுது அந்தப் பொண்ணு. இவர் வாய் கூசாம, "தினமும் பண்றேம்மா, மெஷின்ல ஏதோ கோளாறு"ங்கிறார். எனக்கு வந்துச்சே கோவம்! "அப்ப எனக்கு வெச்சுப் பாரும்மா"ன்னு தோளைக் காட்டினேன். வெச்சுச்சு. திரையைப் பாக்குது, என்னைப் பாக்குது, மறுபடி திரையைப் பாக்குது. "அக்கா, நீங்க பளு தூக்குறீங்களா?" ஆமாம்மா, இவரைத்தான் தூக்குறேன்னேன். மனுஷன் மூஞ்சி சுண்டிப்போச்சு.

அந்தப் பொண்ணு அதோட விட்டுச்சா? என் பக்கம் திரும்பிடுச்சு! "இவருக்குத் தலை சீவி விடுறது யாரு? சட்டை மாட்டி விடுறது யாரு?" நான்தான்னேன். "முதல்ல அதை நிறுத்துங்கக்கா. எல்லாத்துக்கும் நீங்க கை நீட்டினா அவர் கை எதுக்கு அசையும்?" கேட்டீங்களா கூத்தை? சோம்பேறி அவரு, திட்டு எனக்கு! நான் என்ன ஆசைப்பட்டா செய்றேன்? சரி, இனிமே தொட மாட்டேன்னு அங்கேயே அடிச்சுச் சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். அவரே மாட்டிக்கட்டும், அவரே சீவிக்கட்டும். முக்கினாலும் முனகினாலும் நான் கல்லு மாதிரி நிப்பேன். என் பிடிவாதம் அவருக்குத் தெரியாது.

அதோ, வர்றார் பாருங்க... ஐயையோ! பட்டனை மாத்திப் போட்டு, காலர் ஒரு பக்கம் காதை இடிக்குது. நாலு பேர் பாக்குற இடத்துல இப்படியா? தம்பி, இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க. ஒரே நிமிஷம்... ஏங்க! அங்கேயே நில்லுங்க! கையைத் தூக்காதீங்க, நான் போட்டு விடுறேன்!