என் கணக்கில் சேர்ந்த 143 கட்டுரைகள்

பெயர் சி. கோவர்த்தனன், வயது 49, தகப்பனார் பெயர் சின்னசாமி, படிப்பு எம்.எஸ்சி., பிஎச்.டி., தனியார் கல்லூரி நூலகத்தில் கணினி உதவியாளர், இருப்பு கொர்லகுண்டா, திருப்பதி.

இறந்துபோன கன்னிகாவின் போனில் கடைசியாக என் எண் இருந்ததால் விசாரணைக்கு அழைக்கப்பட்டேன். எனக்குத் தெலுங்கு பேச வரும், எழுத வராது. ஆகவே தமிழில் என் கைப்பட எழுதித் தருகிறேன்.

கன்னிகா, வயது 26, பாலசமுத்திரத்தைச் சேர்ந்தவர். எங்கள் கல்லூரியில் நிலக்கடலை இலைப்புள்ளி நோய் பற்றி ஆய்வு செய்துவந்தார். வழிகாட்டி பேராசிரியர் தாமோதரன். அவர் வகிக்கும் பதவிக்குப் பதினான்கு வருடங்களுக்கு முன் நானும் விண்ணப்பித்தேன். நேர்முகத் தேர்வுக்குக்கூட அழைக்கவில்லை. இது தேவையில்லை என்று காவல் ஆய்வாளர் சொன்னார். தேவை என்பதால் எழுதுகிறேன்.

ஜூலையில் கன்னிகா லேப்டாப்புடன் வந்து, "தாமோதரன் சார் அனுப்சாரு. லைப்ரரியில ஒருத்தர் இருக்காரு, அவருகிட்ட போட்டுக்கோன்னாரு" என்றார். படிக்கும் கட்டுரைகளின் விவரத்தை ஒரே சொடுக்கில் பட்டியலில் சேர்க்கும் எக்ஸ்டென்ஷனை அவருடைய பிரவுசரில் போட்டேன். வேலை செய்கிறதா என்று பார்க்க என் கணக்கில் நுழைந்து ஒரு கட்டுரையைச் சேமித்தேன். அதன் பிறகு வெளியேற மறந்துவிட்டேன்.

கடந்த வியாழன் மதியம் போன் செய்தார். "சார், எத சேவ் பண்ணாலும் பச்ச டிக் வருது. இப்ப லிஸ்ட் எடுக்கலாம்னு பாத்தா ஒண்ணுமே இல்ல. எங்க போய்க்கினு இருந்துச்சின்னே தெர்ல. திங்கக்கெழம ரிவியூ சார், லிஸ்ட் இல்லாம கையெழுத்து போடமாட்டேன்றாரு."

அவர் பேசும்போதே என் கணக்கைத் திறந்து பார்த்தேன். அவர் சேமித்த 143 கட்டுரைகளும் அதில் இருந்தன. என் கணக்கிலிருந்து வெளியேறச் சொல்லி, பட்டியலை அனுப்பியிருந்தால் ஐந்து நிமிட வேலை. நான் சொல்லவில்லை. "உங்க சார் பெரிய புரொஃபசராச்சே, அவரையே கேளும்மா" என்றேன். அதன் பிறகு மாலையில் மறுபடி அழைத்தார். நாளை காலை பத்துக்குள் நேரில் வந்தால் பார்க்கிறேன் என்றேன். "பஸ்சு வந்து சேர பதினொண்ணு ஆவுமே சார்" என்றார். அது உன் பிரச்சினை என்றேன். பத்து மணிக்கு மேல் எனக்கு வேறு வேலை எதுவும் இருக்கவில்லை.

வெள்ளியன்று பத்து வரை பார்த்துவிட்டு, அக்கறையில்லாத பெண் என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு, புத்தூர் அருகே அவர் ஓட்டிவந்த ஸ்கூட்டர் மீது லாரி மோதி இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அதன் பிறகு மருத்துவமனைக்குப் போனேன். பிணவறைக்கு வெளியே அவருடைய தந்தை வேங்கடாசலம் லேப்டாப் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். பையில் ஒரு கீறலும் இல்லை. நான் யாரென்று சொன்னதும், "பாப்பா எத்தையோ காணோம்னு நேத்தெல்லாம் தேடிக்கினு இருந்துச்சே சார், கெடச்சுதா?" என்று கேட்டார். பார்க்கிறேன் என்றேன்.

வழக்கு லாரி ஓட்டுநர் மீது மட்டுமே என்று அறிகிறேன். 143 கட்டுரைகளில் ஒன்றையும் நான் நீக்கவில்லை. வியாழக்கிழமை சேமித்த கடைசிக் கட்டுரையின் கீழ், "நம்ம கடலைக் கொல்லையிலும் இதே புள்ளி. நைனாவைக் கேக்கணும்" என்று அவர் எழுதியிருக்கிறார். எல்லாவற்றையும் அச்செடுத்து இத்துடன் இணைத்துள்ளேன். இவற்றை வேங்கடாசலத்திடம் கொடுத்து, கிடைத்துவிட்டது என்று காவல்துறையே சொல்லிவிட வேண்டும். நான் இரண்டு முறை போய், சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

இவை யாரும் சொல்லிக்கொடுக்காமல் நான் எழுதியவை. திரும்பப் படித்தேன். திருத்த எதுவும் இல்லை, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)
சி. கோவர்த்தனன்