சேலை சுற்றிய வேம்பு

– தேத்தண்ணி வேண்டாம் அக்கா. முதல் நான் சொல்லுறதைக் கேளுங்கோ.

– மனுசன்ர அந்தியேட்டிக் கிரியை முடிஞ்சு ரெண்டு நாள்தான், தம்பி. வந்த ஆள் வெறும் வயித்தோட போகக்கூடாது. கதிரையில இருங்கோ. நீங்கள் கரண்ட் கந்தோர்க்காரர் தானே? செத்த வீட்டுக்கும் வந்து வாசலோட நிண்டிட்டுப் போட்டியள்.

– ஓம் அக்கா, நான் சிந்துஜன். கரண்ட் லைனில முட்டுற மரக்கொப்புகளை வெட்டுறதுதான் என்ர வேலை. அண்டைக்கு உள்ளுக்கு வரக் கால் ஏவேல்ல. பாக்கியரத்தினம் அண்ணை செத்தது என்னாலதான்.

– விசர்க்கதை கதையாதேங்கோ! புயல் கொப்பை முறிச்சது, கொப்பு கரண்ட் வயரை அறுத்து வெள்ளத்துக்குள்ள விழுத்தினது. விடிய எழும்பி இந்த மனுசன் கோழிக்கூட்டைப் பாக்கவெண்டு வெள்ளத்துக்குள்ள இறங்கினார். விதி.

– விதி இல்லை அக்கா. புயலுக்கு மூண்டு நாளைக்கு முன்னம் லிங்கநகர் முழுக்க வெட்டினனாங்கள். உங்கட வாசல் வேம்பை மட்டும் விட்டிட்டன்.

– இப்ப அதைக் கதைச்சு என்ன?

– சிவப்புச் சேலை சுத்தி, மஞ்சள் பூசிக் கிடந்தது. அந்தக் கிழமை என்ர சின்னவளுக்கு அம்மாள் வருத்தம். வீட்டு வாசலில வேப்பங்குழை செருகிப்போட்டு வந்தவன், அம்மாள் இருக்கிற மரத்தில கத்தி வைப்பனோ? "வெட்டேல்ல எண்டு எழுது, கந்தோர்ப் பெரியவர் வந்து பாக்கட்டும்" எண்டு என்னோட வேலை செய்யிற முத்தலிப் நானா சொன்னவர். பெரியவர் வந்தால் வெட்டச் சொல்லுவார் எண்ட பயத்தில நான் 'வெட்டியாச்சு' எண்டு எழுதிப்போட்டன்.

– பிள்ளைக்கு இப்ப சுகமோ?

– சுகம். அதுதான் அக்கா நெஞ்சை அறுக்குது. என்ர பிள்ளை எழும்பி ஓடித்திரியிறாள், உங்கட மனுசன் இல்லை. எல்லாத்தையும் கடிதமா எழுதியிருக்கிறன். நாளைக்குக் கந்தோரில குடுக்கப்போறன்.

– குடுத்தால் வேலை போயிடுமே!

– போகட்டும். எனக்குச் சோறு இறங்குதில்லை.

– வேண்டாம் தம்பி. கிழிச்சுப்போடுங்கோ.

– ஏன் அக்கா என்னைக் காப்பாத்துறியள்? ஏசுங்கோ. நாலு அடி அடியுங்கோ.

– ஏலாது. ஆஸ்பத்திரியால வந்த நாள் துவக்கம் அவருக்கு இந்தத் தகரக் கூரைச் சூடு தாங்காது. பகல் முழுக்க அந்த நிழலிலதான் சாய்மனைக் கதிரையைப் போட்டுக்கொண்டு கிடப்பார். கொப்பை வெட்டினால் அவர் எங்க போறது?

– அதுக்கும் இதுக்கும் என்னக்கா?

– அந்த மரத்தில அம்மாள் ஒருநாளும் இருந்ததில்லை, தம்பி. உங்கட லொறி சந்தியில திரும்பேக்க, அலுமாரியைத் திறந்து என்ர கூறைச்சேலையை எடுத்துக்கொண்டு ஓடிப்போய், மஞ்சளும் பூசிச் சுத்தினது நான்தான்.