நிற்காத தீட்டு

அரிமளத்திலிருந்து புதுக்கோட்டை போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் பருமனான ஒரு அம்மாளும் அவருடைய நாத்தனாரும் பேசியதை, கேட்கக் கூடாதென்று நினைத்தபடியே கேட்டேன். என் குழந்தை மடியில் தூங்கியது.

“தீட்டு நின்னு ஆறு வருசங்கழிச்சுத் திரும்ப வந்துருக்கு. மறுபடி கொமரியாயிட்டீங்க அண்ணி!”

“கர்ப்பப்பையில புத்துநோயா இருக்கலாம்ங்குது டாக்டரம்மா. பெருத்த ஒடம்புக்காரிகளுக்குத்தான் அதிகமா வருதாம். சொரண்டிப் பாக்கணுமாம்.”

“சதைக்கும் கர்ப்பப்பைக்கும் என்ன சம்பந்தம்? அந்தம்மா எலும்புந்தோலுமா இருக்கு, ஒங்களப் பாத்து வயித்தெரிச்சல். தீட்டோட யாரும் ஆசுபத்திரி வாசப்படிய மிதிப்பாகளா? நின்னதும் போவோம்.”

“ரெண்டு மாசமா கொல்லையில தனியாக் கெடக்கேன். நிக்கலையேடி.”

பெரிய ஆஸ்பத்திரி முன்னால் பஸ் நின்றது. அந்த அம்மாள் எழுந்தார். நாத்தனார் காலை மடக்கவில்லை.

“தீட்டு, அண்ணி!”

“இம்புட்டு நேரம் என்னைய ஒட்டி ஒக்காந்து வந்தியே, அப்ப எங்க போச்சு அது? வழிய விடு.”