நோயாளி வேஷம்

— இந்தா, பையைப் பிடி. மாப்பிள்ளை மாதிரி கையை வீசிக்கிட்டு வரியே, வெக்கமா இல்ல?

— கைப்பைதானே அக்கா? இதுகூடவா உனக்குக் கனக்குது?

— கனக்குதுன்னு யார்டா சொன்னது? சும்மா தொங்குற கைக்கு ஒரு வேலை கொடுத்தேன். வாழ்க்கையில முதல் தடவையா உனக்கும் ஒரு வேலை கிடைச்சதா இருக்கட்டும்.

— லிஃப்டுக்கு அவ்வளவு நேரம் நின்னதுக்குப் படியிலேயே ஏறியிருக்கலாம். ரெண்டு மாடிதானே.

— ஆஸ்பத்திரிப் படியா? கண்டவன் எச்சில் கையை வெச்ச கைப்பிடியைத் தொட எனக்கு அருவருப்பா இருக்கு. உனக்கு என்ன, பிணமா நடிச்சவன். எது பட்டாலும் ஒட்டாது.

— ஏழு சீரியல்ல. அதுல ரெண்டுல எனக்கு வசனம் உண்டு, மறந்துடாதே.

— பிணத்துக்கு என்னடா வசனம்?

— சாகுறதுக்கு முன்னாடி வரும். "கதவைச் சாத்திட்டுப் போ"ன்னு ஒண்ணு. டைரக்டரே கை கொடுத்தார்.

— மூச்சை அடக்கிக்கிட்டுக் கட்டையாட்டம் கிடக்குறதுக்குப் பவுடர் வேற பூசி விட்டிருக்கான் ஒருத்தன். தெரியாமத்தான் கேக்குறேன், அதுக்குப் பேரு தொழிலா?

— அந்தத் தொழிலைக் கத்துக்கத்தானே இன்னிக்கு என்னைக் கூட்டிட்டு வந்திருக்கே.

— நானா? உங்க அத்தான் தொல்லை. "உன் தம்பியைக் கூட்டிட்டுப் போ, எப்படி நடக்கணும்னு அவன் சொல்லித் தருவான்"னு விடியறதுக்குள்ள ஆரம்பிச்சுட்டார். கட்டினவன் சரியில்லைன்னா கூடப் பிறந்தவன்கிட்ட பாடம் கேக்குற நிலைமை.

— அத்தான் ஏன் புலம்ப மாட்டார்? போன மாசம் இதே வராந்தாவுல நீ பண்ணின கூத்துக்கு! ஆறு நிமிஷம் நடந்து காட்டுங்கன்னா, டிக்கெட் இல்லாதவனைத் துரத்துற மாதிரி நடந்து வெச்சிருக்கே. நானூத்தி எழுபது மீட்டர். நானூத்தம்பதைத் தாண்டினா ஆராய்ச்சியில சேத்துக்க மாட்டாங்கன்னு அத்தான் படிச்சுப் படிச்சுச் சொல்லியும்.

— மெதுவா நடக்க எனக்கு வராது. இருபத்தெட்டு வருஷம் ஓடுற ரயில்ல பெட்டி பெட்டியா நடந்து டிக்கெட் பாத்தவ. கம்பியைப் பிடிச்சது கிடையாது. நடை கெட்டிருந்தாத்தான் மருந்துன்னா, அது என்னடா கணக்கு?

— நல்லா நடக்குறவங்களுக்குக் கொடுத்தா மருந்து வேலை செஞ்சுதான்னு எப்படித் தெரியும்? கொஞ்சம் தள்ளாடினாத்தான் முன்னேற்றம்னு காட்ட முடியும். சும்மா வாயாடாதே அக்கா. நுரையீரலுக்குப் போற ரத்தக்குழாய் இறுகிப்போயி, ரத்தத்தைத் தள்ளித் தள்ளி உன் இதயம் வீங்கிக் கிடக்கு. இப்ப சாப்பிடுற மாத்திரை இனி கேக்காதுன்னு பெரிய டாக்டரே கையை விரிச்சுட்டார். புது மாத்திரை இந்த ஆராய்ச்சியில மட்டும்தான். வெள்ளிக்கிழமையோட ஆள் சேக்குறதை நிறுத்துறாங்க.

— அதுவும் பாதிப் பேருக்குத்தான் மருந்து. மீதிப் பேருக்கு வெறும் மாவு உருண்டை. யாருக்கு எதைக் கொடுக்குறோம்னு... கொடுக்குறவனுக்கே தெரியாதாம். தலைதலையா அடிச்சுக்கலாம். இதுக்கு ஒரு வெள்ளைக் கோட்டு, கழுத்துல ஒரு குழாய்.

— பாதி வாய்ப்பாவது இருக்குல்ல? வெளியே நின்னா அதுவும் இல்ல. சரி, நட. ஏன் நாலு அடிக்கு ஒரு தடவை நின்னு நின்னு திட்டுறே? நடந்துகிட்டே திட்டேன்.

— உன்னை எல்லாம்... நின்னு நிதானமாத்தான் திட்டணும். அவசரத்துல ஏதாவது விட்டுப்போயிடும்.

— அது சரி, கால்ல என்ன, அத்தான் செருப்பு?

— அவசரத்துல மாத்திப் போட்டுட்டேன். செருப்பைப் பாக்கத்தான் வந்தியா?

— இல்ல, நல்லதுதான். வேஷத்துக்குப் பொருந்துது. பெரிய செருப்பு இழுத்துக்கிட்டே வரும். நான் சொல்லாமலேயே செஞ்சிருக்கே, ரத்தத்துலேயே இருக்கு நமக்கு.

— உன் ரத்தத்தோட என் ரத்தத்தைச் சேக்காதே. தள்ளு, இந்த பெஞ்சுல உக்காருவோம். உனக்குத்தான் மூச்சு வாங்குது.

— எனக்கா? சரி, எனக்குத்தான். உக்காரு. அந்த ரெண்டு ஆரஞ்சுக் கூம்பு தெரியுதா? அதுக்கு நடுவுல ஒரு கிழவர் நடக்குறார் பாரு.

— அது நடையா? குப்பை மூட்டையை இழுத்துட்டுப் போற மாதிரி இருக்கு. வீட்ல அடைஞ்சு கிடக்காம இதெல்லாம் எதுக்கு வெளியே வருது?

— சிரிக்காதே, அவரைப் பாத்துக் கத்துக்க. தோளைப் பாரு, ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறி இறங்குது. திரும்புறப்போ கூம்பைச் சுத்திப் பெரிசா வளைஞ்சு போறார், சட்டுனு திரும்பினா தலை சுத்தும்னு பயம். இன்னொண்ணு கேளு, இதுதான் முக்கியம். மட்டமான நடிகன் நோயாளின்னா இருமுவான், நெஞ்சைப் பிடிப்பான். நிஜ நோயாளி அப்படிப் பண்ண மாட்டான். தனக்கு ஒண்ணும் இல்லைன்னு காட்டத்தான் படாத பாடு படுவான். நல்லா இருக்கிற மாதிரி நடிப்பான். அந்த நடிப்பை நீ நடிக்கணும்.

— உளறாதே.

— நீ ஒரே ஒரு தடவை என் நாடகத்துக்கு வந்திருந்தா உனக்கு இதெல்லாம் புரியும்.

— வந்தேனே.

— இடைவேளையில கிளம்பிட்டே.

— நல்லா இருந்த பகுதி வரைக்கும் இருந்தேன். டீ குடிச்சேன், வந்துட்டேன். பேச்சை நிறுத்து, அந்த நர்ஸ் பொண்ணு வருது.

— மேடம், அடுத்து நீங்கதான். வாங்க, இங்க உக்காருங்க. விரலைக் கொடுங்க, ஆக்சிஜன் எவ்வளவு இருக்குன்னு பாக்கணும். சார், நீங்க அந்தச் சுவரோரம் இருக்குற நாற்காலியில. நடக்கும்போது அவங்ககூடப் பேசக் கூடாது.

— நான் அவங்க தம்பிம்மா.

— தம்பியும் பேசக் கூடாது சார். மேடம், போன தடவை மாதிரிதான். இந்தக் கூம்புல இருந்து அந்தக் கூம்புக்கு, திரும்பி மறுபடி. ஆறு நிமிஷத்துல உங்களால எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு நடங்க. முடியலைன்னா நிக்கலாம், சுவர்ல சாஞ்சுக்கலாம். ஓட மட்டும் கூடாது.

— ஓடக் கூடாதாம். ஏம்மா, இதைச் சொல்றதுக்கு எத்தனை வருஷம் படிச்சே?

— ரெடியா மேடம்? நடங்க.

— அக்கா! வேகம்! வேகத்தைக் குறை!

— வாயை மூடு.

— சார், தயவுசெஞ்சு.

— இருமினேன்மா. இருமக் கூடாதா?

— நல்லா பண்றீங்க மேடம். இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு.

— தோள் அக்கா, தோள். அப்படித்தான். செருப்பை இழு.

— போடா.

— பிரமாதம். அந்தக் கிழவரை அப்படியே முழுங்கிட்டே. அசல் நோயாளி!

— யார்டா நோயாளி?

— சார், இன்னொரு வார்த்தை பேசினா வெளியே அனுப்பிடுவேன்.

— சரிம்மா, பேசல. வாயைத் தச்சுக்கிட்டேன்.

— அப்படியே போங்க மேடம், நல்லா பண்றீங்க. இன்னும் நாலு நிமிஷம் இருக்கு.

— ஏம்மா, அவங்க அந்தக் கோடிக்குப் போயிட்டாங்க, இப்ப உன்கிட்ட பேசலாம்ல? இதே வசனத்தைத்தான் நாள் பூரா சொல்வியா?

— இதுக்கு மேல சொல்லக் கூடாது சார். ஒருத்தரைக் கொஞ்சம் அதிகமா உற்சாகப்படுத்தினா ரெண்டடி கூடுதலா நடந்துடுவாங்க. எல்லாருக்கும் ஒரே வார்த்தை, ஒரே குரல்.

— வேலைக்காரன் வேஷத்துக்கே எனக்கு இதைவிட நல்ல வசனம் கொடுத்தாங்க.

— நல்லா பண்றீங்க மேடம். பாதி முடிஞ்சது.

— பாரு, பாரு, அந்த முகத்தைப் பாரு. கண்ணு எங்கயோ சொருகிக்கிட்டு, வாய் மட்டும் கெட்டியா மூடி. நான் இதைச் சொல்லித் தரவே இல்லை.

— எதைச் சார்?

— ஒண்ணும் இல்லம்மா. நீ உன் வசனத்தைச் சொல்லு.

— அப்படியே போங்க மேடம். இன்னும் ரெண்டு நிமிஷம்தான்.

— என்னைப் பாக்கக்கூட மாட்டேங்குறா. பாத்திரமாவே ஆயிட்டா.

— நல்லா பண்றீங்க. இன்னும் ஒரே நிமிஷம்தான் மேடம்.

— ஐயோ, சுவரைப் பிடிச்சுட்டாளே. அது வேண்டாம்.

— நில்லுங்க மேடம். அங்கேயே நில்லுங்க, நாற்காலி கொண்டு வரேன். உக்காருங்க. விரலைக் கொடுங்க. ... சார், இவங்களை எழுந்திருக்க விடாதீங்க, நான் டாக்டரைக் கூட்டிட்டு வரேன்.

— எவ்வளவு தூரம்மா? அதைச் சொல்லிட்டுப் போ!

— இருநூத்தித் தொண்ணூறு.

— கேட்டியா அக்கா? இருநூத்தித் தொண்ணூறு! நானூத்தம்பதுக்கு எங்கயோ கீழே! உள்ளே போயாச்சு, மருந்து வந்தாச்சு! அத்தானுக்கு போன் போடுறேன் இரு. ஐயோ, நீ ஏன் டிக்கெட் கிழிக்கப் போனே? என்கூட நடிக்க வந்திருக்கணும். முப்பது வருஷமா நான் தொட முடியாத இடத்தை ஒரு வராந்தாவுல தொட்டுட்டே. ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லைன்னு வந்துதே ஒரு முகம், எங்கேர்ந்து பிடிச்சே?

— டேய்...

— இரு, ஒரே ஒரு குறை. தொழில்காரனாச் சொல்றேன், கோச்சுக்காதே. கடைசியில சுவரைப் பிடிச்சியே, அது மிகை. மத்தபடி கை கொடு. கை ஏன் இப்படி சில்லுனு இருக்கு? சரி, இப்பவாவது உன் வாயால ஒரு தடவை சொல்லு, இதுவும் ஒரு தொழில்தான்னு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.

— "அசல் நோயாளி"ன்னியே...

— ஆமா, அங்கேதான் நீ எங்கயோ போயிட்டே.

— அங்கேயே... விட்டுட்டேன்டா, உன் நடிப்பை. மருந்தும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம், இந்தப் பயலுக்குக் காட்டுறேன்னு... உடம்புல இருந்த வேகத்தை எல்லாம் போட்டு... ஓடிக்கிட்டுத்தான்டா இருந்தேன்.