பேசாத போன்

— இன்னொரு வாட்டி சொல்லுடா. போன் பண்றவங்க எதையும் அமுக்கலைன்னா?

— சிம்பிள்க்கா. போனை எடுக்கிற புது சாஃப்ட்வேர் ‘ஆம்புலன்ஸ் வேணும்னா ஒண்ணை அமுக்கவும்’னு மூணு தடவை சொல்லும். அப்பவும் அமுக்கலைன்னா கட் ஆயிடும்.

— கட் ஆயிடும்.

— அப்படி முறைக்காதேக்கா. இருக்கிறதே எட்டு லைன். ஒருத்தர் சும்மா பிடிச்சுக்கிட்டிருந்தா அடுத்தவருக்குக் கிடைக்காது.

— முதல்ல ஒரு பழைய சாஃப்ட்வேர் காட்டினியே, அதுல?

— அதுல நாம சொல்றபடிதான் எல்லாம். ஆனா ஒவ்வொரு வரியும் நானே உட்கார்ந்து எழுதணும், மூணு வாரம் ஆகும். புதுசுல ஸ்க்ரீன்ல கட்டம் கட்டமா இழுத்து வெச்சா போதும், ரெண்டே நாள். ரெண்டும் இலவசம்தான். எதுன்னு நாலு மணிக்குள்ள மேனேஜருக்குச் சொல்லியாகணும்.

— புதுசையே திறந்து மாத்தேன். உள்ள இருக்கிறதை யார் வேணா திருத்தலாம்னு பீத்திக்கிட்டியே?

— திருத்தலாம். அடுத்த அப்டேட்ல நான் திருத்தினது காணாமப் போயிடும். அப்ப யார் கவனிப்பா? நீயா?

— பேசாத போனை, நாங்க போன் எடுக்கிற இந்த மேஜையில யாரும் உடனே வெச்சதில்ல. ரெண்டு நிமிஷம் காது குடுத்துக் கேட்கணும். இங்க அதுதான் வழக்கம்.

— ரிஜிஸ்டரை நானும் புரட்டினேன்க்கா. போன மாசம் பேசாத போன் இருநூத்துப் பதினொண்ணு. எல்லாம் சட்டைப் பையில தானா அமுங்கினது, குழந்தைங்க விளையாடினது. ஒண்ணுக்காவது வண்டி போச்சா?

— போன மாசம் போகலை.

— பின்னே என்ன? உன் வேலை போயிடும்னு பயமா? நேரா சொல்லேன்.

— வாயைக் கழுவுடா. என் வேலை போனா மயிராச்சு. போன வருஷம் ஒரு பேசாத போனுக்கு வண்டி போச்சு.

— எதுக்கு?

— ஒரு நாள் காலையில வந்துச்சு. பேச்சு இல்ல, மூச்சு மட்டும் இழுத்து இழுத்துக் கேட்டுது. நம்பர் காட்டுற மெஷின் அன்னிக்கு ரிப்பேர். சரி, வெச்சிடலாம்னு கை போயிடுச்சு. அந்தப் பக்கம் கடிகாரம் மணி அடிச்சுது. எண்ணினேன். பத்து. இங்க சுவத்துல பதினொண்ணு.

— ஒண்ணு குறைச்சு அடிக்கிறது நம்ம வீட்டுக் கடிகாரம்க்கா.

— ஆமா.

— அப்ப... அது அப்பாவா? பக்கவாதம் வந்த அன்னிக்கா?

— நாக்கு புரளலை அவருக்கு. எப்படியோ நம்பரை மட்டும் அமுக்கியிருக்கார்.

— பக்கத்து வீட்டு மாமா ஜன்னல் வழியா பார்த்துட்டு போன் பண்ணார்னு சொன்னியே! அவர் கையைப் பிடிச்சு அழுதேனேக்கா!

— அப்படிச் சொல்லச் சொல்லி அவர்கிட்ட நான்தான் சொல்லி வெச்சிருந்தேன்.

— ஏன்க்கா? என்கிட்ட எதுக்கு மறைச்சே?

— வண்டிக்காரங்க கதவை இடிச்சப்பதான் நீ காதுல மாட்டியிருந்த ஹெட்போனைக் கழட்டிட்டு உன் ரூமை விட்டு வெளியே வந்தே. அப்பா அடுத்த ரூம்லதான்டா கிடந்தார்.