ரெண்டு தடவை அடித்த போன்

மேடைக்கு ஒரு துண்டுச் சீட்டு வந்திருக்கு. "ஐயா, இந்தப் போர்ச் செய்தியில எந்தச் சேனல் உண்மை சொல்லுது, எது விலை போயிருச்சு?" நியாயமான கேள்விதான். ஆனா நான் பட்டுன்னு பதில் சொன்னேன்னு வைங்க, இந்தப் பக்கம் பாதிப் பேரு கைதட்டுவீங்க. அந்தப் பக்கம் பாதிப் பேரு நாற்காலிய நகத்திட்டு எந்திரிச்சிருவீங்க. அதனால பதிலுக்கு முன்னாடி ஒரு சின்னக் கதை. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்க.

தூத்துக்குடியில ஒரு வீடு. ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு. அவ புருசன் கஸ்பாருக்குச் சரக்குக் கப்பல்ல, இஞ்சின் ரூம்ல வேலை. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு நாடு, பேரு வேண்டாம், அங்க துறைமுகத்துல இவன் கப்பல் நிக்கிற நேரம் பார்த்து சண்டை மூண்டுருச்சு. மூணு நாளா ஒரு தகவலும் இல்ல. நாலாவது நாள் காலையில சொந்தக்காரங்க எல்லாம் ஜெசிந்தா வீட்ல கூடிட்டாங்க. எதுக்கு? ஆறுதல் சொல்ல!

சொன்னாங்களா?

முன் ரூம்ல ஒரு டிவி. ஒரு ரிமோட்டு. அதுக்கு ரெண்டு ஆளு! ஒருத்தன் ஜெசிந்தாவோட அண்ணன்காரன். இன்னொருத்தன் கஸ்பாரோட கூடப் பிறந்த தம்பி, இன்னாசி. ஆளுக்கு ஒரு கட்சி. கட்சிக்கு ஒரு சேனல் இருக்குமே... அண்ணன்காரன் பார்க்கிறது சிவப்புப் பட்டி ஓடுற சேனல். "துறைமுகம் தரைமட்டம்!" இன்னாசி பார்க்கிறது நீலப் பட்டி. "துறைமுகத்துக்குச் சேதமே இல்லை!"

"உன் சேனல் வாங்குன காசுக்குக் கூவுது மாப்ள!"

"உங்க சேனல் எப்பவோ நடந்த வீடியோவப் போட்டு ஊரை ஏமாத்துது மச்சான்!"

ஜெசிந்தா எங்க? அடுப்படியில. அவளுக்கு ஆறுதல் சொல்ல வந்தவங்களுக்கு அவதான் டீ போடுறா! தட்டைத் தூக்கிட்டு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டா.

"அண்ணே... கப்பல்ல உள்ளவங்களப் பத்தி எதுவும் சொன்னானா?"

ரெண்டு பேரும் ரிமோட்டைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு இருக்காங்க. காதுல விழுந்தாத்தானே!

அண்ணன்காரன் எந்திரிச்சு நிக்கிறான். கழுத்து நரம்பு புடைக்குது. "எரிஞ்சிருச்சுடா! மொத்தமும் எரிஞ்சிருச்சு! அங்க ஒண்ணும் மிஞ்சல!"

கவனிச்சீங்களா? அந்தத் துறைமுகத்துல யாரு இருக்கா? இவன் தங்கச்சி புருசன். அது எரிஞ்சிருந்தாத்தான் இவன் வாதம் ஜெயிக்கும். அதுக்காக மல்லுக்கட்டி நிக்கிறான்யா! சரி, இன்னாசி? கூடப் பிறந்தவன் பிழைச்சிருக்கணும்ங்கிற ஆசையிலயா 'சேதமில்ல'ன்னு கத்துறான்? இல்ல. அவன் சேனல் சொல்லுச்சு, கத்துறான்.

"ஆதாரம் இருக்கா மச்சான்?"

"இருக்குடா!"ன்னு அண்ணன்காரன் தன் போனைத் தடவுறான். சார்ஜ் இல்ல. மேசையில ஜெசிந்தா போன் கிடக்கு. மூணு நாளா அவ கையை விட்டு இறக்காத போன்... டீ ஆத்துறதுக்காகக் கீழ வச்சிருக்கா. வெடுக்குன்னு எடுத்தான். குடும்பக் குரூப்புல அவனே போட்ட வீடியோவத் திறந்தான். "பாருடா! நல்லாக் கண்ணத் திறந்து பாரு! இந்தா கிரேன் சாயுது பாரு..."

கிரேன் சாயுற நேரம்... போன் அடிக்குது. ஏதோ நீளமான நம்பர்.

"எவன்டா இவன் நடுவுல, பிளாட் வேணுமான்னு கேட்டுக்கிட்டு!" கட் பண்ணிட்டான். மறுபடியும் வீடியோ. மறுபடியும் போன். அதே நம்பர். மறுபடியும்... கட்.

மூணாவது தடவை அடிக்கல.

பத்து நிமிஷம் கழிச்சு ஜெசிந்தா போனைக் கையில எடுத்தா. நம்பரைப் பார்த்தா. கப்பல்காரன் பொண்டாட்டிக்கு எது எந்த நாட்டு நம்பர்னு தெரியாதா? திருப்பி அடிச்சா, போகல. இன்னொரு தடவை அடிச்சா. போகல. "யாரு கட் பண்ணது?"ன்னு கேட்டா. சத்தமாக்கூடக் கேக்கல. அவ போயி டிவி பிளக்கைப் புடுங்குனா.

"எல்லாரும் உங்க உங்க வீட்டுக்குப் போங்க."

அஞ்சு நாள்... அஞ்சு நாள் அந்த வீட்ல அடுப்பு எரியல. அண்ணன்காரன் மாதா கோயில் வாசல்ல முழங்கால் போட்டுக் கிடக்கிறான். என்ன வேண்டுதல் தெரியுமா? "தாயே, என் சேனல் சொன்னது பொய்யா இருக்கணும்!"

ஆறாவது நாள் போன் வந்துச்சு. கஸ்பாரு குரல்! கால்ல தீக்காயம், ஆனா உயிரோட இருக்கான். "துறைமுகம் ஒரு பக்கம் எரிஞ்சுச்சு, ஒரு பக்கம் அப்படியே கிடக்கு. எங்கள ஒரு பள்ளிக்கூடத்துல தங்க வச்சிருந்தாங்க. நூறு பேருக்கு ஒரு போன், ஆளுக்கு ரெண்டு தடவை அடிக்கலாம். நான் ரெண்டு தடவை அடிச்சேன் ஜெசி... ரெண்டு தடவையும் கட் ஆயிருச்சு. உனக்குத்தான் என்னமோ ஆயிருச்சுன்னு பயந்துட்டேன்."

குண்டு விழுற ஊர்ல கிடந்தவன், வீட்ல இருக்கிறவளை நெனச்சு அஞ்சு நாள் அழுதிருக்கான்.

சீட்டு எழுதுன அன்பர் எங்க இருக்கீங்க? சேனலுங்க ஒரு பக்கமாச் சாயுதான்னா... சாயுதுய்யா. காசுக்குச் சாயுது, பயத்துல சாயுது. தட்டிக் கேளுங்க, விடாமக் கேளுங்க. நான் வேண்டாம்னா சொல்றேன்? ஆனா யாருக்காகக் கேக்குறீங்க? அந்தச் செய்திக்குள்ள சிக்கிக் கிடக்கிற மனுசனுக்காகவா? இல்ல, எதிர்ல உக்காந்திருக்கிறவன் மூஞ்சியில கரியப் பூசவா? கரியப் பூசத்தான்னா, உண்மையே உங்களத் தேடி ரெண்டு தடவை போன் போட்டாலும் கட் பண்ணிருவீங்க.

ஏன் இவ்வளவு உறுதியாச் சொல்றேன்? கட் பண்ணுனது... இந்தா, மைக்கப் பிடிச்சிருக்கே, இந்தக் கைதான்.

மாப்பிள்ளை கஸ்பாரு நல்லபடியா ஊர் வந்து சேர்ந்துட்டாரு. இன்னாசியும் நானும் பேசிக்கிறோம். என் தங்கச்சி என்னை வான்னு கூப்பிடுவா, சோறு போடுவா, ஒரு குறையும் வைக்க மாட்டா. ஆனா இன்னைக்கு வரைக்கும், நான் அவ வீட்டுக்குள்ள நுழைஞ்சா... மேசையில கிடக்கிற போனை எடுத்து மடியில வச்சுக்குவா.